ஸ்கேனருக்குள் லென்ஸ் இல்லையாமே!

பட்டறைக்காரன்:
நிழற்பித்தன் நேற்று வேறொரு திரியில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "அமெரிக்கப் புகைப்படக்காரர் ஹரால்ட் ஃபைன்ஸ்டைன் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் கலை. வயதான காலத்தில் ஸ்கேனரில் பூவைக் கவிழ்த்து எடுத்ததெல்லாம் ஜெராக்ஸ். லென்ஸே இல்லாத பெட்டியில் என்ன புகைப்படம்?"

லென்ஸே இல்லாத பெட்டியாம்! 16 வருடமாக ஸ்கேனரும் பிரிண்டரும் பழுது பார்க்கிறேன். சிசிடி என்னும் தடித்த வகை ஸ்கேனரின் மேல்கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். பெல்ட்டில் ஓடும் வண்டி ஒன்று இருக்கும். அதில் விளக்கு. பூவில் பட்டுக் கீழே வரும் வெளிச்சம் வரிசையாக வைத்த ஆடிகளில் மடங்கி மடங்கி வந்து, கடைசியில் விரல்நுனி அளவு லென்ஸ் ஒன்றின் வழியாகத்தான் ஒளியை உணரும் சென்சார் பட்டையில் விழும். ஏ4 அகலத்தைச் சின்னஞ்சிறு பட்டையில் அடக்குவது அந்த லென்ஸ். அது இல்லாவிட்டால் பூவும் வராது, ரேஷன் கார்டும் வராது.

நிழற்பித்தன்:
பட்டறைக்கார அண்ணாவுக்கு வணக்கம். நானும் என் வீட்டு ஸ்கேனரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஒரு நீளக் குச்சி, அதில் விளக்கு, அவ்வளவுதான். ஆடியும் இல்லை, நீங்கள் சொல்லும் லென்ஸும் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பட்டறைக்காரன்:
நீங்கள் திறந்தது சிஐஎஸ் வகை தம்பி. ஒல்லியாக, எடை குறைவாக இருக்குமே, அது. அந்தக் குச்சியை இன்னும் கிட்டே வைத்துப் பாருங்கள். மெல்லிய கண்ணாடித் தண்டுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தண்டும் ஒரு லென்ஸ். ஒரு லென்ஸ் இல்லை என்றீர்கள், உங்கள் வீட்டிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

இன்னொன்று. சிஐஎஸ்ஸில் காகிதம் கொஞ்சம் தூக்கினாலே மங்கிவிடும். சிசிடியில் கண்ணாடியிலிருந்து ஓரளவு விலகியிருப்பதும் தெளிவாக விழும். ஃபைன்ஸ்டைனின் ரோஜாவில் உள்மடிப்பு வரை இதழ் இதழாகத் தெரிகிறது. உங்கள் குச்சியில் அதை எடுத்துக் காட்டுங்கள், நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

கடற்கரைச்சாலை:
லென்ஸை விடுங்கள் ஐயா, ஆளைப் பற்றிப் பேசுவோம். 1931இல் கோனி ஐலண்டில் பிறந்தவர். 15 வயதில் கேமராவைத் தொட்டார். 19 வயதில் அவர் படத்தை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக அதன் புகைப்படப் பிரிவுத் தலைவர் எட்வர்ட் ஸ்டைக்கன் வாங்கினார். அந்த வயதில் நம்மில் பலர் காலேஜில் அரியர் வைத்துக்கொண்டிருந்தோம். கொரியப் போருக்குப் போன சிப்பாய்களைச் சிப்பாயாகவே இருந்து எடுத்தார். கோனி ஐலண்ட் படங்களில் மணலில் கிடந்த பையன்களும் பெண்களும் வெயிலோடு வெயிலாக நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த மனிதர் பூவையும் சிப்பியையும் பட்டாம்பூச்சியையும் கண்ணாடியில் அடுக்கிக்கொண்டிருந்தார் என்றால் எனக்கு வயிறு எரிகிறது. அவ்வளவுதான் என் வருத்தம்.

பட்டறைக்காரன்:
வயிறு எரிய என்ன இருக்கிறது? அவரது "நூறு பூக்கள்" (One Hundred Flowers) புத்தகம் 2000இல் வந்தது. அதே வருடம் ஸ்கேனரில் படம் எடுத்ததற்குத்தான் கம்ப்யூட்டர்வேர்ல்ட் ஸ்மித்சோனியன் விருது கொடுத்தார்கள். 70 வயதை நெருங்கியவர் புதுக் கருவியைக் கையில் எடுத்துக் கற்றுக்கொண்டார். நம் ஆட்கள் 40 வயதில் "எங்கள் காலத்தில் ஃபிலிம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 2015இல் அவர் இறக்கும்வரை அந்தப் பூக்களும் அவருடைய படங்கள்தான். கோனி ஐலண்டை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அப்புறம், லென்ஸ் இருக்கிறது. அதை யாரும் இன்னும் மறுக்கவில்லை.

செம்பருத்தி:
நான் இரண்டு வருடமாகப் பூக்களை ஸ்கேன் செய்கிறேன். என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூடியைத் திறந்து வைத்து அறை விளக்கை அணைத்துவிட்டால் பின்னணி தானாகக் கறுத்துவிடும். பின்னால் திரும்பி வர வெளிச்சம் இல்லை, அதுதான் காரணம். செம்பருத்தியைக் கவிழ்த்து வைத்தால் நடுத்தண்டு முதலில் கண்ணாடியில் இடிக்கும், மகரந்தம் மஞ்சள் பொடியாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். இதழ் அழுந்திய இடத்தில் ஈரத் திட்டு விழுந்து படத்தில் கறை மாதிரித் தெரியும். அதனால் பூவை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணாடியில் படாமல் மயிரிழை இடைவெளி விடுவேன். பூவின் முகம் கீழே இருக்கிறது, என் முகம் மேலே. என்ன படம் வரப்போகிறது என்று எடுக்கும்போது எனக்கே தெரியாது.

ஒருமுறை பூவுக்குள் எறும்பு இருந்தது. வண்டி ஓடும்போது அதுவும் நடந்தது. படத்தில் எறும்பு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தது. ஒரே நொடியில் எடுத்த படம் இல்லை என்பதற்கு அந்த எறும்பு போதும். 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம், முழுக் கண்ணாடியையும் எடுத்தால் கிட்டத்தட்ட 14 கோடி பிக்சல். ஜெராக்ஸ் என்று சொல்கிறவர் ஒரு பூவை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பட்டறைக்காரன்:
செம்பருத்தி அக்கா சொன்ன எறும்புக்கும் காரணம் இருக்கிறது. சிசிடி பட்டையில் மூன்று நிறத்துக்கும் மூன்று வரிசை, தள்ளித் தள்ளி. அசையாத பூவுக்குச் சேர்ந்துவிடும், நடக்கும் எறும்புக்குச் சேராது. இவ்வளவும் நடப்பது அந்த லென்ஸுக்குப் பின்னால்.

சொல்லாய்வன்:
நீங்கள் எல்லாரும் புகைப்படம் என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். புகை எங்கே இருக்கிறது? ஒளிப்படம் என்று எழுதுங்கள்.

நிழற்பித்தன்:
வந்துவிட்டார். நிழற்படம் என்பதுதான் அழகான சொல். என் பெயரிலேயே வைத்திருக்கிறேன்.

சொல்லாய்வன்:
நிழலைப் பதிவதில்லை, ஒளியைத்தான் பதிகிறோம். போன மாதமும் இதே பதிலைச் சொன்னேன், நீங்கள் பாதியில் ஓடிவிட்டீர்கள்.

நிழற்பித்தன்:
ஓடவில்லை. வேலை இருந்தது. சரி, பெட்டிக்குள் லென்ஸ் இருக்கட்டும். ஆனால் ஃபோகஸ் திருக முடியுமா? வெளிச்சம் நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்க முடியுமா? எடுப்பவன் கைக்கு அகப்படாத லென்ஸ் இருந்தும் இல்லாததுதான். நான் சொன்னது அந்த அர்த்தத்தில்.

பட்டறைக்காரன்:
அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. "லென்ஸே இல்லாத பெட்டி" என்று எழுதினீர்கள். ஏகாரம் போட்டு எழுதினீர்கள். அந்தக் காலத்து பாக்ஸ் கேமராவிலும்தான் ஃபோகஸ் திருக முடியாது. அதில் எடுத்த உங்கள் தாத்தா கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவீர்களா?

கடற்கரைச்சாலை:
தாத்தாவை ஏன் இழுக்கிறீர்கள்? இதனால்தான் இங்கே எழுதவே பிடிப்பதில்லை.

செம்பருத்தி:
லென்ஸ் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் என்ன கெட்டுவிட்டது? ஆனா அட்கின்ஸ் 1843இல் கடற்பாசியை நேரே காகிதத்தில் வைத்து வெயிலில் காட்டி நீலப் படம் எடுத்தார். கேமராவும் இல்லை, லென்ஸும் இல்லை. அவரை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுவோமா? அமெரிக்காவில் ஜோசப் ஷீர் அந்துப்பூச்சிகளை ஸ்கேன் செய்து இறகுச் செதிலைக்கூட எண்ணும்படி காட்டினார். கட்டிங்கா மாட்சன் பூக்களை ஸ்கேன் செய்கிறார். ஃபைன்ஸ்டைன் தனி ஆள் இல்லை.

பட்டறைக்காரன்:
அக்கா, நீங்கள் நம் பக்கம் பேசுவதாக நினைத்து அவருக்கு வழிவிடுகிறீர்கள். "இல்லை என்றே வைத்துக்கொள்வோம்" என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? இருக்கிறது. நாளைக்குக் கடையில் ஒரு பழைய ஸ்கேனரைப் பிரித்து, அந்த லென்ஸைக் கையில் பிடித்துப் படம் போடுகிறேன்.

செம்பருத்தி:
எனக்கு யாருடைய பக்கமும் வேண்டாம். போன பொங்கல் போட்டியில் என் தாமரைப் படத்தை "ஸ்கேன் செல்லாது" என்று தள்ளியபோது இந்த லென்ஸ் எங்கே போயிருந்தது? நடுவர்களில் நீங்களும் ஒருவர் அண்ணா. அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

பட்டறைக்காரன்:
அது விதிமுறை. கேமரா என்று விதியில் இருந்தது. விதியை எழுதியது நான் இல்லை.

நிழற்பித்தன்:
ஆக, போட்டியில் ஸ்கேனர் கேமரா இல்லை, இங்கே மட்டும் கேமரா. நல்லது அண்ணா.

பட்டறைக்காரன்:
கேமரா என்று நான் எங்கே சொன்னேன்? லென்ஸ் இருக்கிறது என்றேன். மேலே போய்ப் படியுங்கள்.

சொல்லாய்வன்:
லென்ஸ் இல்லை. வில்லை.