புதுப்பிப்பு: மீந்த உல்லன் நூலில் மணிக்கட்டு உறை

ஸ்வெட்டர் பின்னி மீந்த நூலில் விரலில்லாத கையுறை பின்ன முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாராளமாக முடிகிறது. ஓசூர் பக்கம் தளி என்ற ஊரில் இருக்கும் அத்தைக்குத்தான் பின்னினேன். மார்கழி விடியலில் மொபெட்டில் பால் கேன் கொண்டுபோகிறவர், விரல் மூடினால் பிரேக் பிடிபடாது என்பார்.

வட்ட ஊசி (இரண்டு ஊசிகளை வயரால் இணைத்தது) வேண்டுமா என்று சிலர் கேட்டீர்கள், வேண்டாம். 4 மி.மீ. நேர் ஊசியில் 40 கண்ணி போட்டு, இரண்டு நிட் (நேர்ப்பின்னல்), இரண்டு பர்ல் (எதிர்ப்பின்னல்) என்று 18 செ.மீ. நீளம் வரும்வரை பின்னுங்கள். கடைசி வரிசையைத் தளர்வாக முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை நுழையாது. அப்புறம் இரு ஓரங்களையும் சேர்த்துத் தையுங்கள். மேலிருந்து 4 செ.மீ. தைத்தபின் கட்டைவிரலுக்கு 5 செ.மீ. விட்டுவிட்டு, மீதியையும் தைத்தால் முடிந்தது.

நூல் மெலிதாக இருந்தால் இரண்டு இழை சேர்த்துப் பின்னலாம். ஆனால் அசல் கம்பளியையும் அக்ரிலிக்கையும் கலக்காதீர்கள். வெந்நீரில் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் அப்படிச் சுருங்காது, உறை கோணிக்கொள்ளும். தினமும் துவைப்பதற்கு அக்ரிலிக்தான் என் ஓட்டு.

நிறம் மட்டும் பொருந்தவில்லை, ஒன்று மெரூன், ஒன்று கிளிப்பச்சை. அத்தைக்கு அதுவே பிடித்துவிட்டதாம், பால் சொசைட்டியில் இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்களாம். நூல்தான் தீர்ந்துவிட்டது.