அத்தை தன் மகளை 'சிஸ்டர்' என்று கூப்பிட்ட நாள்

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். அத்தை மகள், எனக்கு மதினி, பிளஸ் டூ முடித்த கையோடு கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "படகுக் கடன் அப்படியே நிக்குது, படிச்ச புள்ள சம்பாத்தியம் மடத்துக்கா?" என்று ஆறு மாதம் பேசவே இல்லை. அவர் பயந்தபடிதான் நடந்தது. மதினி டீச்சரானதும் சம்பளம் முழுக்க மடத்துப் பொதுக்கணக்கில் சேர்ந்தது. ஏழ்மை வார்த்தைப்பாடு (சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு) என்றால் அப்படித்தான்; ஊருக்கு வர பஸ் காசுகூட மடத்துத் தலைவியான மதரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

நொவிசியேட் என்ற பயிற்சி வருடத்தில் மதினி வீட்டுப் பக்கமே வரவில்லை. முதல் வார்த்தைப்பாடு முடிந்த பிறகு நானும் அத்தையும் போய் மடத்தில் இரண்டு நாள் தங்கினோம். இரவு செபம் முடிந்தால் காலை செபம் வரை அங்கே மௌனம். அத்தைக்கோ கடற்காற்றை மீறிப் பேசிப் பழகிய தொண்டை! "என்னா புள்ள, இப்படி எளச்சுப் போயிட்ட?" என்று ஆரம்பித்ததும் வயதான சிஸ்டர் ஒருவர் எட்டிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அத்தை அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்.

மறுநாள், மகளுக்கென்றே கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டை மதினி நேராகச் சமையலறையில் கொடுத்துவிட்டார். அத்தை முகம் சுண்டிப்போனது. மதியம் ஆளுக்குக் கொஞ்சம் பரிமாறினார்கள். மறுசோறு கேட்டவர் யாரென்றால், அந்த உதட்டில் விரல் வைத்த சிஸ்டர்தான்.

வருடா வருடம் புதுப்பித்த வார்த்தைப்பாடு, ஆறு வருடம் கழித்து, வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடானது. அன்று பூசை முடிந்து, விரலில் மோதிரத்தோடு வந்த மகளிடம் அத்தை, "சிஸ்டர், சாப்பிட்டீங்களா?" என்றார். மதினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "புள்ளன்னே கூப்பிடும்மா" என்றார். அத்தை கேட்கவில்லை. இன்றுவரை சிஸ்டர்தான், வாங்க போங்கதான்.

இப்போது நாங்கள் சந்திப்பது ஓரியூரில். 1693 பிப்ரவரி 4-ல், வேதம் போதிக்க வந்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டுண்ட இடம். ஆண்டுதோறும் அந்த நாளுக்கு வேன் பிடித்துப் போவோம். போகும்போது பையில் கருவாடு, திரும்பும்போது அதே பையில் அங்கத்துச் செம்மண். கிளம்புவதற்கு முந்தின வாரமே அத்தை போன் போட்டுவிடுவார்: "சிஸ்டர், இந்த வருசம் மடத்துல எத்தன பேரு?"