கொரியன் சன்ஸ்க்ரீன் திரிதிரியாக உருளுது, வழி சொல்லுங்க

35 வயசு தாண்டின வறண்ட சருமம். காலையில் டோனர், நிறப்பொலிவுக்கு 5% நியாசினமைடு சீரம், சுருக்கத்துக்கு அடினோசின் கிரீம், கடைசியில் எஸ்பிஎஃப் 50+ பிஏ++++ சன்ஸ்க்ரீன். மூக்கோரத்திலும் தாடையிலும் ரப்பரால் அழிச்ச துகள் மாதிரி உருண்டு வருது.

சீரத்திலும் கிரீமிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கும் கார்போமர், சாந்தன் கம் தோல்மேல் படலமாகக் காயும். அது காய்வதற்குள் சிலிகோன் கலந்த சன்ஸ்க்ரீனைத் தேய்த்தால் படலம் பெயர்ந்துவிடும். சீரத்தை இரண்டு சொட்டாக்கி, கிரீமுக்குப் பிறகு பத்து நிமிடம் விட்டு, தேய்க்காமல் ஒற்றினால் பாதி குறையுது. சன்ஸ்க்ரீன் அளவை மட்டும் குறைக்கச் சொல்லாதீங்க. ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு போட்டால்தான் அட்டையில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

யோசனை இது: கிரீமை ராத்திரிக்கு மாற்றிவிடுவது. கொரியாவில் வெயில் தடுப்பு, நிறப்பொலிவு, சுருக்கம் மூன்றுக்கும் பதிவான சன்ஸ்க்ரீன்கள் நிறைய உண்டு. அங்கே சுருக்கத்துக்கு அங்கீகரித்த அடினோசின் அளவு 0.04%, நிறப்பொலிவுக்கு நியாசினமைடு 2 முதல் 5% வரை. இரண்டும் சன்ஸ்க்ரீனிலேயே இருந்தால் காலையில் சீரமும் தேவைப்படாது.

நாள் முழுக்க ஏசியில் இருக்கும் வறண்ட சருமத்துக்கு, டோனருக்கு மேல் இப்படி ஒரே சன்ஸ்க்ரீன் போதுமா? மதியத்துக்குள் கன்னம் இழுக்குமா? இப்படிப் போடுறவங்க அந்த சன்ஸ்க்ரீன் பெயரோடு, அட்டையில் உள்ள முதல் ஆறு சேர்மானங்களையும் எழுதுங்க. மேலே மறுபடி பூசும்போது உருளுதா என்பதையும் சொல்லுங்க.