விரல் நுனியில் ஒரு பச்சோந்தி: இது குட்டி இல்லை என்று எப்படித் தெரியும்?

சருகு:
மடகாஸ்கரின் ப்ரூகேசியா நானா படத்தை ஏழு வயது மகளுக்குக் காட்டினேன். விரல் நுனியில் பழுப்பு நிறத் துணுக்கு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "இது குட்டிதானே, இதோட அம்மா எங்கே?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. முழுதாக வளர்ந்ததுதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? 2021-ல் புதிய இனமாக அறிவித்தார்கள், ஆனால் பிடித்தது 2012-ல் என்கிறார்களே, ஏன்?

ஓணான்பித்து:
அம்மா ஆகவிருந்த ஒன்றும் கிடைத்தது என்று மகளிடம் சொல்லுங்கள். சொராட்டா மலையின் மழைக்காட்டில், ஏறக்குறைய 1300 மீட்டர் உயரத்தில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அகப்பட்டன. உடம்பைக் கீறாமல் உள்ளே இருப்பதைக் காட்டும் மைக்ரோ சிடி ஸ்கேனில் பெண்ணை வைத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் இரண்டு முட்டைகள்! முட்டை சுமப்பது குட்டியாக இருக்க முடியாதே.

ஆணுக்கு மூக்கு நுனியிலிருந்து கழிவுத் துளை வரை 13.5 மி.மீ., வாலோடு 21.6. (பல்லிகளுக்கு வால் அறுந்து முளைக்கும் என்பதால் வாலை விட்டு அளப்பதுதான் வழக்கம். பச்சோந்திக்கு அப்படி அறுவதில்லை, ஆனாலும் ஒப்பிட வேண்டுமே.) அதன் இனப்பெருக்க உறுப்பு நன்றாக வளர்ந்திருந்தது. உடல் நீளத்தில் அதுவே 18.5 சதவீதம். பெண் வாலை விட்டு 19.2 மி.மீ., அதாவது ஆணைவிட நன்றாகப் பெரியது. தன்னைவிடப் பெரிய துணையோடு சேர, சிறிய ஆணுக்கு அந்த நீளம் தேவைப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

தாமதத்தைப் பற்றி. காட்டில் பார்த்த அன்றே ஒன்று புதிய இனம் ஆகிவிடாது. ஏற்கெனவே பெயர் வைத்த சொந்தங்கள் ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்க்க வேண்டும். மாணவப் பருவத்தில் ஒரு சின்னப் பல்லியைத் தனி இனம் என்று நம்பி மூன்று மாதம் அளந்தேன். கடைசியில் அது தெரிந்த இனத்தின் குட்டி. அன்றிலிருந்து யார் நிதானமாக வேலை செய்தாலும் எனக்கு மரியாதைதான். இங்கே அந்த நிதானத்துக்குப் பலனும் கிடைத்தது. மரபணுவைப் பார்த்தால் இதற்கு மிக நெருங்கிய சொந்தம் ப்ரூகேசியா கார்ச்செய். அந்தக் குட்டைப் பச்சோந்திக் கூட்டத்திலேயே பெரியது அதுதான்! உருவத்தை மட்டும் நம்பியிருந்தால் யாருக்கும் தோன்றியிருக்காது.

மழைக்கால்:
ஒன்று விட்டுப்போனது. இதை முதலில் கண்டவர் உள்ளூர் வழிகாட்டி ஒருவர். சருகோடு சருகாக இருப்பதைப் பிரித்துப் பார்க்கும் கண் அந்தக் காட்டிலேயே புழங்கியவருக்குத்தான் வரும். அந்தப் பகுதியில் காட்டை அழிப்பதும் நடந்திருக்கிறது. இந்த இனத்துக்கு வேறு இடம் தெரியாது என்பதால் எனக்கு அதுதான் பெரிய கவலை.

சருகு:
இருவருக்கும் நன்றி. மகள் ஸ்கேலை வைத்து ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு கோடு போட்டாள். பெண் வாலோடு எவ்வளவு?

ஓணான்பித்து:
28.9 மி.மீ. உள்ளே இரண்டு முட்டையையும் வரையச் சொல்லுங்கள்.