சரிவு ஒண்ணுதான், ஆனா ரெண்டு ஆத்துலயும் ரேபிட் (தண்ணி அலையடிச்சு வேகமா பாயுற எடம்) வேற வேற மாதிரி, ஏன்?

கேள்வி:
மேப்புல பாத்தா ரெண்டு ஆத்துக்கும் கிலோமீட்டருக்கு சுமார் 15 மீட்டர் இறக்கம், தண்ணியும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனா ஒண்ணுல விடாம அலை அடிச்சுக்கிட்டே போகுது, இன்னொண்ணுல நீளமா அமைதியான மடு, திடீர்னு ஒரு பெரிய ட்ராப், மறுபடி மடு. மலையோட பாறைதான் காரணம்ங்கிறாங்க. கயாக்க (துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு) எறக்குறதுக்கு முன்னாடியே பாறைய வச்சு எதாவது கணிக்க முடியுமா?

பதில் 1:
நல்லாவே கணிக்கலாம் ப்ரோ. 15 மீட்டர்ங்கிறது சராசரி, அந்த இறக்கம் எங்க குவியுதுங்கிறதுதான் விஷயம். ஆறு ஒரு கெட்டிப் பாறையத் தாண்டி மென்மையான பாறைக்குள்ள போனா கீழ்ப்பக்கம் சீக்கிரம் அரிச்சிடும், கெட்டிப் பாறை படி மாதிரி நின்னுடும், ட்ராப் அங்கதான். பசால்ட்ங்கிற எரிமலைப் பாறை இன்னும் செங்குத்து, ஏன்னா லாவா (எரிமலைக் குழம்பு) ஆறி சுருங்கும்போது தூண் தூணா வெடிப்பு விடும், தண்ணி அத ஒவ்வொண்ணா பேத்து எடுத்துடும். ஆப்பிரிக்காவுல விக்டோரியா அருவிக்குக் கீழ ஜாம்பேசி ஆறு போற பட்டோகா பள்ளத்தாக்கு முழுக்க பசால்ட்தான். கிரானைட் பெரும்பாலும் வழவழன்னு சரிஞ்ச பலகையா இருக்கும், பனியாறு தேச்சுவிட்ட எடம்னா கேக்கவே வேணாம், சறுக்கிக்கிட்டே போகலாம்.

பதில் 2:
அடிப்பாறைய மட்டும் பாக்காதீங்க, பக்கத்துலேர்ந்து வந்து சேர்ற ஓடைய கட்டாயம் பாருங்க. அமெரிக்காவுல கொலராடோ ஆறு போற கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குல பெரிய ரேபிட் பலதும் கிளைப் பள்ளத்தாக்குலேர்ந்து சேறும் பாறையுமா அடிச்சிட்டு வந்து ஆத்துல கொட்டினதுனால உண்டானது. கிறிஸ்டல் ரேபிட் 1966 டிசம்பர் வரைக்கும் பெரிய விஷயமே இல்ல, அந்த மாசம் பெஞ்ச மழைல கிறிஸ்டல் க்ரீக் உருட்டிட்டு வந்த பாறை ஆத்த ஒரு ஓரமா நெருக்கி, அங்க இருக்குறதுலயே பயமான ரேபிட்கள்ல ஒண்ணா ஆக்கிடுச்சு. அங்கேயே இன்னொரு ரேபிட்டுக்கு லாவா ஃபால்ஸ்னு பேர் இருந்தாலும் அதுவும் ப்ராஸ்பெக்ட் கேன்யன்லேர்ந்து வந்த பாறைக் குவியல்தான். அதனால மேப்புல செங்குத்தான கிளை ஓடை வந்து சேர்ற எடத்தையெல்லாம் குறிச்சு வச்சுக்கங்க, மேல தண்ணி தேங்கி மடுவா நிக்கும், குவியலத் தாண்டினதும் பாயும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, ரெண்டாவது ஆத்துல மடு முடியிற எடத்துல எல்லாம் ஓடை வந்து சேருது, இப்பதான் கவனிச்சேன்! சுண்ணாம்புப் பாறை, மணற்பாறை எல்லாம் எப்படி?

பதில் 3:
அங்கதான் ரொம்ப உஷாரா இருக்கணும். சுண்ணாம்புப் பாறைய தண்ணி கரைச்சு அடியில பொந்து போட்டுடும், அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியால காலி (Gauley)ங்கிற ஆத்துல மணற்பாறைப் பாறாங்கல்லு பலதும் அடிப்பக்கம் குடைஞ்சு கெடக்கு, ஆள உள்ள இழுத்துச்சுன்னா வெளிய வர்றது கஷ்டம். ஒரு அடையாளம் சொல்றேன், வேகமான தண்ணி ஒரு பாறைல நேரா மோதினா முன்பக்கம் வெள்ளையா பொங்கி எழும்பி திரும்பணும். பொங்கவே இல்லாம சத்தமில்லாம பாறைக்குள்ள போற மாதிரி இருந்தா அடியில குடைவு இருக்குன்னு வச்சுக்கிட்டு கிட்டயே போகாதீங்க. ஆனா பொங்குதுங்கிறதுக்காக குடைவே இல்லன்னும் நம்பிடாதீங்க.

பதில் 2:
இன்னொண்ணு, இமயமலை மாதிரி இன்னும் உயர்ந்துக்கிட்டு இருக்குற மலைல நிலச்சரிவு அதிகம், ஒரே மழைக்காலத்துல ரேபிட் மாறிடும், அதனால போன சீசன் வீடியோவ நம்பாம எறங்கி நடந்து பாத்துட்டு ஓட்டுங்க.