சிங்கராஜவுக்குப் போவதா, விடுவதா?

மழைநாள், வெள்ளவத்தை
போன போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு நாங்கள் நான்கு பேர் குடாவை வாசல் பக்கமாகச் சிங்கராஜ வனத்துக்குப் போய் வந்தோம். வந்ததிலிருந்து மனம் சரியில்லை. காட்டுக்குச் சற்று முன்னால் ஓர் ஓடை. அதில் ஒரு விடுதியின் கழிவுக்குழாய் நேராக இறங்குகிறது. கல்லெல்லாம் சவர்க்கார நுரை. உள்ளே போனால், ஒருவர் கைபேசியில் பறவைக் குரலை ஓடவிட்டுக் குருவியை வரவழைக்கிறார். அதுவோ எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுக் கிளைக்குக் கிளை அலைகிறது.

இலங்கைக்கே உரிய பறவை இனங்களில் பெரும்பாலானவை வாழும் காடு அது. சில வருடங்களுக்குக் கொழும்பு ஆட்கள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனையான்
நுரை விஷயத்தில் நீங்கள் கோபப்பட்டது நியாயம். அதற்காகப் போகவே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், தெரியும்தானே? அந்த வழிகாட்டிகள் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகள். அவர்களுடைய அப்பாமார் கித்துள் சீவியும் பிரம்பு வெட்டியும் மரமஞ்சள் எடுத்தும் பிழைத்தவர்கள்.

நான் போனபோது எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பி ஓரிடத்தில் விரலை உதட்டில் வைத்து நின்றான். புதருக்குள் காய்ந்த சருகு மாதிரி இரண்டு. அவை தவளைவாயன் என்ற பறவைச் சோடி என்று புரியவே எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. படம் எடுக்க ஒருவர் கிட்டப் போனபோது, கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியவனும் அவன்தான். நாம் போகாவிட்டால் அவன் வேறு என்ன வேலைக்குப் போவான்?

மழைநாள், வெள்ளவத்தை
அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காட்டைக் காப்பாற்றியது சுற்றுலா இல்லை. 1970களில் கொஸ்கமை ஒட்டுப்பலகை ஆலைக்காக அங்கே மரம் வெட்டினார்கள். குடாவையிலிருந்து நாம் நடக்கும் அந்த அகலப் பாதையே மர லொறிக்காகப் போட்டதுதான். ஊர் உலகம் எதிர்த்து, 1977 இல் வெட்டு நின்றது. 1988 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவும் பயணிகள் கூட்டம் வருவதற்கு முன்பே நடந்தவை.

கொட்டாஞ்சேனையான்
சரி, சட்டம் வந்தது. அதைத் தினமும் காப்பது யார்? வாசனைக்காக விற்கும் வல்லப்பட்டை மரத்தை வெட்ட இரவில் ஆள் நுழைந்தால் வனத் திணைக்களத்துக்கு யார் சொல்வது? சத்தம் முதலில் கேட்பது ஓரத்து வீட்டுக்காரனுக்குத்தான். காடு நின்றால் தனக்குச் சோறு என்று தெரிந்தவன்தான் எழுந்து போய்ப் பார்ப்பான்.

தெனியாயப் பிள்ளை
இரண்டு அண்ணாமாரும் குடாவையை மட்டும் வைத்தே பேசுகிறீர்கள். நான் காட்டின் மறுபக்கம், தெனியாயப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது புறக்கோட்டையில் வேலை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலேயும் காடுதான். ஆனால் எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவராவது வழிகாட்டியாக இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் ஒரு சிறுத்தை மாட்டியது. இடுப்பில் கம்பி. அது இழுக்க இழுக்கத் தேயிலைச் செடி வேரோடு ஆடியது. மதியத்துக்கு முன் அடங்கிவிட்டது. சுருக்கு வைத்தவர் யார் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பன்றி இறைச்சி எல்லா வீட்டுக்கும் வரும், சிறுத்தையால் எங்களுக்கு என்ன வந்தது? கொட்டாஞ்சேனை அண்ணா சொல்லும் சோற்றுக் கணக்கு சரிதான். எங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், 2020 இல் லங்காகம வீதிப் பிரச்சினை. காட்டுக்குள் வீதி அகலமாக்குகிறார்கள் என்று கொழும்பில் எல்லோரும் கொதித்தார்கள். நானும் கவலைப்பட்டேன். ஆனால் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நல்ல வழி கேட்ட சனத்தின் குரலை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்?

மழைநாள், வெள்ளவத்தை
தங்கச்சி, சுருக்கு விஷயம் எனக்குத் தெரியாது. வாசித்துவிட்டு நேரம் போனதே தெரியாமல் இருந்தேன். வீதியில் மட்டும் நான் மாறவில்லை. வழி அகலமானால் அதன் பின்னால் விடுதியும் வரும். நோயாளிக்குத் தேவை கிட்ட ஒரு மருந்தகமும் அம்புலன்சும். போகவே வேண்டாம் என்று எழுதியதைத் திருத்துகிறேன்: போயா நாள் கூட்டத்தோடு போக வேண்டாம், ஓடையில் குழாய் விடும் இடத்தில் தங்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனையான்
அந்தக் குழாயைப் படம் எடுத்தீர்களா? இருந்தால் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுவோம். சிங்களத்தில் நான் எழுதித் தருகிறேன்.

மழைநாள், வெள்ளவத்தை
மூன்று படம் இருக்கிறது. இன்றிரவே அனுப்புகிறேன். தங்கச்சி, உங்கள் பக்கம் பிட்டதெனிய வாசலால் போகலாம் அல்லவா? எப்போது வரலாம்?

தெனியாயப் பிள்ளை
போகலாம் அண்ணா. ஜனவரி கடைசியில் வாருங்கள், மழையும் அட்டையும் குறைவு. முதலில் எங்கள் லயத்துக்கு வாருங்கள். அம்மா ரொட்டி சுட்டுத் தருவார். சுருக்கு வைத்த இடத்தையும் காட்டுகிறேன்.