புதுப்பிப்பு: புழு மனை டச் பேனல் சரியாகிவிட்டது

உடுமலைப் பக்கம் எங்கள் பட்டுப்புழு வளர்க்கும் மனையில் மாட்டிய டச் பேனல் (வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் தொடுதிரைப் பெட்டி), பக்கத்தில் தொங்கும் வெப்பமானியைவிட 3 டிகிரி கூடக் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன் இல்லைங்களா, அது தீர்ந்தது. திரை வெளிச்சமும் உள்ளே இருக்கும் சிப்பும் விடுகிற சூட்டைத்தான் அதே டப்பாவுக்குள் இருந்த சென்சார் சேர்த்து அளந்திருக்கிறது. தனியாக ஒரு ஆர்எஸ்485 சென்சார் (நீள ஒயர் வழியாக அளவை அனுப்பும் வகை) வாங்கி, முறுக்கு ஒயரில் புழுத் தட்டு உயரத்துக்கு இறக்கிவிட்டோம், இப்போது இரண்டும் ஒத்துப்போகிறது. யோசனை சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றிங்க.

ஐந்தாம் பருவப் புழுவுக்கு (கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவம்) 24, 25 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும்தான் வேண்டும், அளவு தப்பினால் மனையைக் குளிர்விக்கும் சாக்கை எப்போது நனைப்பது என்றே தெரியாது. பேனலை நெட்வொர்க்கில் சேர்த்ததால் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருந்தே பார்க்க முடிகிறது. அப்புறம், மனைக்குக் கிருமிநாசினி அடிக்கும்போது சென்சாரைக் கழற்றிவிடுங்கள், அந்த நெடி ஈரப்பத அளவைக் கெடுத்துவிடும்.